பதினோரு பெட்டிக்குச் சட்டை

“பெட்டிக்கெல்லாம் துணி போட்டுருங்க, ஆவி வெளிய போகக் கூடாது” என்றுதான் அவள் சொன்னாள். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வேறு எதையோ யோசித்தபடி சொன்ன வார்த்தை. இதையே ஒரு தச்சனிடம் சொல்லியிருந்தால், பழைய சாக்கைக் கிழித்துச் சட்டங்களின் மேல் பரப்பி, மூடியைச் சாத்திவிட்டு வந்திருப்பான். மளிகைக்காரரிடம் சொல்லியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அவள் சொன்னது தையல் மாஸ்டரிடம். துணி போடு என்றால் முப்பது வருஷமாக அவருக்கு ஒரே அர்த்தம்தான். அளவெடு, வெட்டு, தை, போட்டுப் பார்.

மாஸ்டருக்கும் அவர் மனைவியின் தேனீக்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் இரண்டு தேனீப் பெட்டியை வாங்கி வந்தபோதே ஒரு தேனீ அவர் இமையில் கொட்டியது. மறுநாள் தர வேண்டிய கல்யாணக் கோட்டை ஒற்றைக் கண்ணால் தைத்தார். காலர் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை கவனிக்கவில்லை, ஆனால் மாஸ்டர் அதை இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு பெட்டிகள் இருக்கும் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. அவர் ‘ஈ’ என்பார். அவள் ‘தேனீ’ என்று திருத்துவாள். இரண்டு பேரும் அதைச் சலிக்காமல் செய்துவந்தார்கள்.

பெட்டிகள் இருந்தது குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவில். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. தொட்டிக் காவலாளிக்கு ஊரில் நீச்சல் என்று பெயர், ஏனென்றால் அவனுக்கு நீச்சல் தெரியாது. அவன்தான் அங்கே பெட்டி வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தவன். இரண்டு பெட்டி பத்தொன்பதாகப் பெருகியது. போன வருஷம் உண்ணி வந்தது. கடுகை நசுக்கியது போல் சிவப்பாக, தட்டையாக, தேனீயின் முதுகில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். தேனடையின் மூடிய அறைக்குள் தேனீப் புழுவோடு சேர்ந்து வளரும். வெளியே வரும் குஞ்சுத் தேனீக்கு இறக்கை கசங்கியிருக்கும். பறக்க முடியாமல் புல்லில் ஊர்ந்தே சாகும். ஒரு பருவத்தில் ஒன்பது பெட்டி காலி. காலிப் பெட்டிகளை அவள் ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கியதை மாஸ்டர் கடையிலிருந்தே பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. மிஷினை மிதித்தார்.

இந்த வருஷமும் உண்ணி தலைகாட்டியது. ஒரு குவளைத் தேனீயைச் சர்க்கரைப் பொடியில் புரட்டிச் சலித்துப் பார்த்ததில் பதினான்கு விழுந்ததாம். கடையில் விற்கும் மருந்துப் பட்டைகளை வைக்க அவளுக்கு மனசில்லை. தேனீ வளர்க்கிற யாரோ ஓம உப்பைச் சொல்லியிருந்தார்கள். ஓமத்திலிருந்து இறக்குகிற உப்பு, பார்க்கக் கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். சாராயத்தில் கரைத்து, பஞ்சுத் துண்டில் ஊறவைத்து, பெட்டிக்குள் தேனடை தொங்குகிற சட்டங்களுக்கு மேல் வைத்தால் மெதுவாக ஆவியாகும். ஆவி பட்டால் உண்ணி பிடியை விட்டு விழும், தேனீ பிழைக்கும். மருந்து வைப்பதற்கு முன்னால் தேன் சட்டங்களை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனெல்லாம் ஓமத் தண்ணீர்தான். அப்படி எடுத்த சட்டங்களைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போதுதான் சறுக்கினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாஸ்டர் கெட்டது ஆஸ்பத்திரி நடைவழியில். அவளைத் தள்ளுகட்டிலில் படம் எடுக்கக் கொண்டுபோகிறார்கள், கால் வீங்கி நீலம் பாய்ந்து கிடக்கிறது, அதைப் பார்த்த பயத்தில் அவர் வாய் தானாகத் திறந்தது.

“இந்த ஈயெல்லாம் ஒண்ணில்லாம ஒழிஞ்சாத்தான் நம்ம வீட்டுக்கு நிம்மதி!”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கட்டில் தள்ளுகிறவரும் பார்த்தார். அவள் மட்டும் கூரையைப் பார்த்தாள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மாஸ்டருக்குப் பாதிப் பாரம் இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் கட்டிலிலேயே தட்டை வைத்துக்கொண்டு பஞ்சுத் துண்டு வெட்ட ஆரம்பித்தாள். ஓம வாடை அறையைத் தாண்டிக் கடைக்குள் வந்தது. மாஸ்டர் வாசற்படியில் வந்து நின்றார்.

“என்ன, ஈக்கெல்லாம் வயித்துவலியா?”

“தேனீ. வயித்துவலி இல்ல, இது உண்ணிக்கு மூச்சுமுட்ட.”

“ஈக்கு முட்டாதா?”

“அளவா வச்சா முட்டாது. குளிர்ல வச்சா ஆவி எழும்பாது. வெயில் முப்பது டிகிரியத் தாண்டினா ஒரேடியா எழும்பிரும், தேனீயே வீட்ட விட்டு ஓடிரும். அளவுதான் எல்லாம்.” கத்தரியைக் கீழே வைத்தாள். “வைக்கத்தான் ஆள் இல்ல.”

“நீச்சல் இருக்கானே.”

“அவன் பெட்டியத் தொறந்துட்டு ஊரெல்லாம் ஓடுவான்.”

தெருவில் ஒரு வண்டி பின்னால் போய்க்கொண்டே கூவியது.

“நான் போறேன்” என்றார் மாஸ்டர்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் வேறு வழியும் இல்லை. வலைத் தொப்பி எங்கே, புகைக்கிற டப்பா எங்கே, எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் நிற்கவே கூடாது எல்லாம் சொன்னாள். கடைசியாகச் சொன்னதுதான் துணி.

மாஸ்டர் போய்விட்டு வந்தார். பதினோரு மூடியையும் திறந்து, பஞ்சை வைத்து, திரும்ப மூடி, வியர்வையில் குளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு கொட்டும் படவில்லை என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. ஆனால் துணி விஷயம் மிச்சம் இருந்தது. அவருக்குள் ஒரு எண்ணம் ஓடியது. வாயால் கெடுத்ததைக் கையால் சரிபண்ணலாம். கால் சரியாகி அவள் சரிவுக்கு வரும் நாளில், பதினோரு பெட்டியும் பொருத்தமாக உடுத்திக்கொண்டு வரிசையாக நிற்கும். அவள் பார்ப்பாள். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சரிவுக்குப் போனார். தேனீக்கள் கூட்டுக்குத் திரும்புகிற நேரம், வாசலில் ஒரே நெரிசல். பெட்டியைச் சுற்றி நாடாவைக் கொண்டுவரக் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக அரை மணி நேரம் போனது. நீச்சல் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பார்த்தான்.

“மாஸ்டர், இடுப்பு எவ்வளவு?”

“சும்மா இருடா.”

“கழுத்து விட்டு அளவெடுங்க. வளர்ற பிள்ளைங்க.”

பெட்டிகள் பழசு. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நாலாவது கூனல். ஒன்பதாவதுக்கு ஒரு தோள் ஏற்றம். ஏழாவது மற்றதில் பாதிதான், போன மாதம் பிரித்து வைத்த குட்டிக் கூட்டம். ஒரே அளவில் பதினொன்றையும் வெட்டிவிடலாம்தான். அப்படி வெட்டினால் அவர் தையல்காரர் இல்லை, உறை போடுகிறவர். இரண்டு சாயங்காலம் போய் பதினொன்றையும் தனித்தனியாக அளந்து சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு வந்தார்.

சீட் உறை தைத்து மிஞ்சிய முரட்டுக் கித்தான் துணி இருந்தது. வெட்டினார். வாசலுக்குப் பித்தான் ஓட்டை மாதிரி ஒரு திறப்பு விட்டு ஓரம் கட்டினார். கித்தான் கனம், இரண்டு ஊசி உடைந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் எண்ணைச் சிவப்பு நூலில் போட்டார். பின்னறையிலிருந்து அவள் கேட்டாள்.

“என்ன, மிஷின் இப்படி உறுமுது?”

“கித்தான் வேலை.”

“யாருக்கு?”

“பழைய வாடிக்கை.”

புதன்கிழமை கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் போட்டார். காற்று தூக்கக் கூடாது என்று அடியில் கையாலேயே சேர்த்துத் தைத்தார். அன்று வீடு திரும்பியவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

“துணி போட்டாச்சா?” என்றாள் அவள்.

“போட்டாச்சு.”

“எல்லாத்துக்கும்?”

“பதினொண்ணுக்கும். ஆவி ஒரு இழை வெளிய வராது.”

“பரவால்லியே” என்றாள். விபத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மாஸ்டர் அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வெயில் மாறியது. காலை எட்டு மணிக்கே சுவர் சுட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தாள். அதைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். கட்டுக்குள் கால் அரித்தது. பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தாள். பக்கம் மாறிப் படுத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்து, சாப்பிடாமல் தட்டிலேயே போட்டாள்.

“என்னங்க!”

“ம்.”

“இருபத்தொம்பது ஆயிருச்சு. போய் மருந்த எடுத்துருங்க. துணியையும் எடுத்துருங்க.”

“இந்தக் காலர முடிச்சுட்டுப் போறேன்.”

பேருந்துக் கம்பெனி ஆட்களுக்குச் சீருடை. மத்தியானத்துக்குள் வந்து எடுத்துப்போவார்கள். காலர் முடிந்ததும் கை வந்தது. கை முடிந்ததும் பித்தான் வந்தது.

“முப்பத்தொண்ணு!”

“இதோ.”

தையல்காரரின் ‘இதோ’ எவ்வளவு நீளம் என்று தையல்காரரின் பெண்டாட்டிக்குத் தெரியாதா? அவள் ஊன்றுகோலை எடுத்தாள், எழுந்தாள், இரண்டடி வைத்தாள், வலி தாங்காமல் திரும்ப உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அந்தக் கோலாலேயே சுவரைத் தட்டினாள். மிஷின் நின்றது. திரும்ப ஓடியது. முப்பத்துமூன்றில் அவள் தட்டுவதை விட்டுவிட்டாள். பெட்டிக்குள் இப்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மூக்கிலேயே தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு நீச்சல் கடைவாசலில் வந்து விழுந்தான்.

“மாஸ்டர்! எல்லாம் வெளிய வந்துருச்சு! சட்டை மேல சட்டை போட்டாப்ல அப்பிக்கிட்டுத் தொங்குது. ஒரு கூட்டம் தொட்டி ஏணிக்கே குடிபோயிருச்சு!”

மாஸ்டர் எழுவதற்குள் பின்னறையிலிருந்து குரல் வந்தது.

“எந்தச் சட்டை?”

வாயில் கவ்விய நூலோடு மாஸ்டர் அறை வாசலில் போய் நின்றார்.

“அவன் என்ன சொல்றான்? எந்தச் சட்டை?”

“நீதானே துணி போடச் சொன்ன.”

“மூடிக்குக் கீழ சாக்கு போடச் சொன்னேன்.”

“துணின்னுதான் சொன்ன.”

“என்ன போட்டீங்க?”

“தச்சுப் போட்டேன். கித்தான்ல.”

“எத்தனை பக்கம்?”

“எல்லாப் பக்கமும். வாசலுக்கு மட்டும் திறப்பு விட்டேன். ஓரம் கட்டி.”

“அடியில?”

“அடியிலயும் தச்சுட்டேன்.”

அவள் கத்தவில்லை. கூரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. அந்த நடைவழியில் அவர் கத்தியது இப்போது இந்த அறைக்குள் திரும்பி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. ஒழியட்டும் என்றார். ஒழிகிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று இனி எந்த வாயால் சொல்வது? பிழைத்துவிட்டால் சொல்லலாம். செத்துவிட்டால் சொன்னாலும் செல்லாது.

“நான் வந்து...”

“போங்க. பிரிச்சு எறிங்க. மருந்த முதல்ல வெளிய எடுங்க. பேசிட்டு நிக்காதீங்க.”

ஓடினார். சீருடைக்காரர்கள் எதிரே வந்தார்கள். “கடை தொறந்துதான் இருக்கு, எடுத்துக்குங்க” என்று ஓடிக்கொண்டே சொன்னார். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, அதை எடுக்க நிற்கவில்லை.

சரிவில் ஏறியதும் ஓம வாடை முகத்தில் அடித்தது. கித்தான் தெரியவில்லை. பெட்டிகளின் முன்பக்கம் முழுக்கத் தேனீக்கள் தாடி விட்டதுபோல் தொங்கின. சில வாசலில் நின்று இறக்கையை விசிறின. விசிறி விசிறி ஓய்ந்து கீழே விழுந்தன. தொட்டியின் இரும்பு ஏணியில், ஒன்பதாவது படியில், ஒரு குடம் அளவுக்குக் கூட்டம் அப்பியிருந்தது. ஒன்றாம் எண் பெட்டியில் இருந்தவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த முதல் கூட்டம்.

வலைத் தொப்பி வீட்டில். கையுறையோடு தையல் பிரிக்க முடியாது, அதுவும் வீட்டில்தான். சட்டைப் பையில் சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். மண்டியிட்டு முதல் பெட்டியின் அடியில் கையை விட்டார். தான் போட்ட தையலைத் தானே தேடிப் பிடித்து வெட்டினார். நெருக்கமான தையல், வேலை சுத்தம். இன்றைக்கு அந்தச் சுத்தத்தைத்தான் சபித்தார். மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. காதில் ஒன்று. கையை இழுக்கவில்லை. கித்தானை உரித்து எறிந்து, மூடியைத் திறந்தார். ஆவி கண்ணைக் கரித்தது. பஞ்சை எடுத்துத் தூர எறிந்தார். அடுத்தது. அடுத்தது. நாலாவதில் விரல் வீங்கிக் கத்தரி வளையத்துக்குள் சிக்கிக்கொண்டது. எச்சில் தொட்டு உருவினார். இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஏழாவதில் தாடி இல்லை. அதன் மேல் ஒன்றுமே இல்லை. பிழைத்துக்கொண்டது என்று ஒரு நொடி நினைத்தார். வாசல் திறப்பில், ஓரம் கட்டிய தையலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஈரமாகக் குவியலாகக் கிடந்தன. சட்டையை வெட்டி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். அடுத்த பெட்டிக்குப் போனார், ஏனென்றால் இன்னும் நாலு இருந்தது.

கடைசியை முடித்து நிமிர்ந்தபோது சரிவில் தள்ளுவண்டி ஏறி வந்தது. நீச்சல் மூச்சிரைக்கத் தள்ளினான். அதன் மேல், கட்டுப் போட்ட காலைப் பீரங்கிபோல் முன்னால் நீட்டிக்கொண்டு, மடியில் படுக்கை விரிப்பும் தலையணை உறையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா அழல மாஸ்டர்” என்றான் நீச்சல், தூரத்திலிருந்தே. “வழியெல்லாம் என்னைத்தான் திட்டுச்சு.”

அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை, பெட்டிகளைப் பார்த்தாள். தாடிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே போக ஆரம்பித்திருந்தன. வண்டியை ஏழாவதுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். குனிந்து ஒரு கை அள்ளினாள். விரலால் விலக்கிப் பார்த்து, கொஞ்சம் பெரியதாக, வயிறு நீண்ட ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“ராணி” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மாஸ்டர் வீங்கிய கையால் கத்தரியைப் பைக்குள் போட்டார்.

“ஏணில இருக்கறத இறக்கணும்” என்றாள். “கிளம்புறதுக்குள்ள. கிளம்பிட்டா போனதுதான்.”

“அளவுக்கு மிஞ்சினா அமுதமும்...” என்று நீச்சல் ஆரம்பித்தான்.

“நீ ஏணியப் பிடி.”

“அந்தக் கித்தான்ல பிடிச்சுரவா?” என்றார் மாஸ்டர்.

“அதுல வாடை. அதுலேருந்துதானே ஓடிவந்துச்சு. இதுல பிடிங்க.” தலையணை உறையை நீட்டினாள். “கூட்டத்துக்குக் கீழ வாயத் தொறந்து பிடிச்சுக்கிட்டு, படிய ஒரே தட்டு. ரெண்டு தட்டு தட்டினா கலைஞ்சிரும். ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்.”

“பயமா இருந்தா சொல்லுங்க.”

“பயமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

நான்காவது படியில் முகத்துக்கு நேரே கூட்டம். உள்ளே அடுக்கடுக்காக ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முனகியது. உறையை விரித்துப் பிடித்தார். கீழே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. இடது உள்ளங்கையால் இரும்பில் ஓங்கி ஒரு தட்டு. கனமாக, ஈர மாவு விழுவதுபோல், கூட்டம் உறைக்குள் விழுந்தது.

விரிப்பைப் புல்லில் போட்டு, அதன் ஒரு முனையை ஒன்றாம் பெட்டியின் வாசலில் செருகினார்கள். பஞ்சு எடுத்து, மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்து, வாடை போக நீச்சல் ஒரு தகரத்தால் விசிறியிருந்தான். உறையைக் கவிழ்த்தார். தேனீக்கள் விரிப்பில் கொட்டி, குழம்பி, நாலா பக்கமும் ஓடின. கொஞ்சம் பெட்டியின் பக்கம் போய்த் திரும்பி வந்தன.

“போகாதா?” என்றார் மாஸ்டர்.

“ராணி எங்கன்னு தெரியல. ராணி போனாத்தான் போகும்.”

“கூப்பிட முடியாதா?”

அவள் முதல் முறையாக அவரைப் பார்த்தாள். காது ஒன்று அப்பம்போல் வீங்கி, ஒரு கால் வெறுங்காலாக, சட்டையெல்லாம் மண்ணாக நின்ற அவரைப் பார்த்தாள்.

காத்திருந்தார்கள். நிழல் தொட்டியிலிருந்து நகர்ந்து விரிப்பின் ஓரம் வரை வந்தது. அதற்குள் அவள் மற்றப் பெட்டிகளின் அடித் தட்டுகளை உருவிக் கொண்டுவரச் சொன்னாள். எண்ணெய் தடவிய காகிதத்தில் உண்ணிகள் சிவப்புப் புள்ளியாக அப்பிக் கிடந்தன. எண்ண ஆரம்பித்து இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

“மருந்து வேலை செஞ்சிருக்கு” என்றாள்.

மாஸ்டருக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

திடீரென்று விரிப்பில் ஒரு ஒழுங்கு வந்தது. சிதறிக் கிடந்தவை எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. வாசலில் நாலைந்து தேனீக்கள் தலையைக் கவிழ்த்து, பின்பக்கத்தைத் தூக்கி, இறக்கையை அடிக்க ஆரம்பித்தன. மற்றவை வரிசையாக, கூட்டம் கூட்டமாக, மேட்டில் ஏறுகிற ஜனங்கள் மாதிரி பெட்டிக்குள் நடந்தன.

“போயிட்டா” என்றாள். “உள்ள போயிட்டா.”

நீச்சல் கை தட்டினான். மாஸ்டர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்து பிழைத்தது. ஒன்று போனது. பத்தைப் பற்றிப் பேசலாம். ஆனால் அவர் கண் அந்த ஒன்றின் பக்கமே போனது. அவள் என்ன நினைக்கிறாள் என்று முகத்தில் படிக்கப் பார்த்தார். முப்பது வருஷம் ஜனங்களின் தோளையும் முதுகையும் படித்தவருக்கு, சொந்தப் பெண்டாட்டியின் முகம் பிடிபடவில்லை.

“வேணும்னு செய்யல” என்றார் கடைசியில்.

அவள் வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த கித்தானை ஊன்றுகோலால் இழுத்தாள். சின்னது. மூலையில் சிவப்பு நூலில் ஏழு. மடியில் போட்டுத் தடவினாள். வெளித்தையல் நேராக ஓடியது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதிலிருந்து மாஸ்டர் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. கடையில் எந்தத் துணியை எடுத்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார், வெளிப்பக்கம் ஊருக்குத் தைப்பது, உள்பக்கம்தான் தைத்தவன் மனசு. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்த பேச்சு. இப்போது அவள் கை தானாகக் கித்தானைத் திருப்பியது.

உள்ளே லைனிங் வைத்திருந்தது. வெளிர் மஞ்சள் ஃபிளானல், பிறந்த குழந்தைக்குத் தைக்கிற துணி. ஒரு பிசிறு வெளியே நீட்டாமல் ஓரமெல்லாம் மடித்து, உள்தையல் இரட்டையாகப் போட்டிருந்தது. மூலைகளில் உறுத்தக் கூடாது என்று நூல் முடிச்சைக்கூடத் துணிக்கு அடியில் மறைத்திருந்தது.

“இது எதுக்கு?” என்றாள்.

“அது சின்னது. மத்ததுல பாதிதான் இருக்கு. ராத்திரி குளிருமேன்னு...”

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. மற்ற பத்தும் கித்தானோடு தப்பித்தன. இதைக் கொன்றது அந்த லைனிங்.

அவளுக்கும் புரிந்தது. ஃபிளானலை விரல்களால் கசக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கால் உடைந்தபோது அழாதவள், ஒன்பது பெட்டி காலியானபோது அழாதவள், தள்ளுவண்டி குலுங்கும்படி அழுதாள். நீச்சல் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போய்விட்டான்.

“ஒழியணும்னு நெனைக்கிறவன் லைனிங் வைக்கமாட்டான்” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் சொன்னது...”

“அது வெளிப்பக்கம். விடுங்க.”

மாஸ்டர் அப்போதுதான் முழு மூச்சு விட்டார். கொட்டுப்பட்ட இடமெல்லாம் ஒரே சமயத்தில் வலிக்க ஆரம்பித்தது.

“மத்ததையெல்லாம் பிரிச்சு வேற எதுக்காவது ஆக்கிடவா?”

“எதுக்கு? குளிர் வந்தா பத்துக்கும் வேணும். காத்து போக மேல நாலு ஓட்டை விடுங்க. அடியத் தைக்காதீங்க, நாடா வச்சுக் கட்டுங்க.” கொஞ்சம் யோசித்தாள். “வாசல் ரொம்பச் சின்னது. தேனீ ரெண்டு எதிர் எதிர வந்தா ஒதுங்க இடமில்ல.”

“எவ்வளவு வேணும் தேனீக்கு?”

அவர் வாயில் தேனீ என்று வந்ததை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள்.

“இவ்வளவு.”

மாஸ்டர் கழுத்திலிருந்து நாடாவை எடுத்தார். வீங்கிய விரலில் அது நிற்கவில்லை, இரண்டு முறை நழுவியது. அவள் கையை அசைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவள் விரல்களின் மேல் நாடாவை வைத்து அளவெடுத்துக்கொண்டார்.